வேலைய மாதா கையில ஒப்புக்கொடுத்துட்டு செஞ்சா அது ஜெபம் ஆகுமா, இல்ல ஜெபமாலை சொல்லாததுக்கு நாம சொல்லிக்குற சாக்கா?

துணிமடிப்பு:

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க! ரொம்ப நாளா மனசுல கிடக்குற கேள்வி இது, இங்க மறைக்கல்வி சொல்லிக்கொடுக்குறவங்க நல்லா படிச்சவங்க நிறைய பேர் இருக்கீங்க அதனால தான் இங்கயே கேக்குறேன்.

நான் ஒரு ஆஸ்பத்திரியில லாண்டரி செக்ஷன்ல இருக்கேன், ஷிப்ட் வேலை. பெட்ஷீட், தலையணை உறை, தியேட்டர் துணி எல்லாம் எங்ககிட்ட தான் வரும், ரத்தக்கறை பட்டத தனியா பிரிச்சு போடணும், காஞ்சு வர்ற பெட்ஷீட்ட ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு நாலு முனையும் பிடிச்சு ஒரு உதறு உதறி மடிக்கணும், மெஷின் சத்தத்துல பக்கத்துல நிக்குறவங்க பேசுறது கூட கேக்காது. வீட்டுக்கு வந்தா மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க, அவங்கள திருப்பி படுக்க வைக்குறது, துடைச்சு விடுறது, பிள்ளைங்க பாடம்னு ராத்திரி ஆயிடும். அப்புறம் ஜெபமாலைய கையில எடுத்தா மூணாவது பத்து மணி (பத்து அருள் நிறைந்த மரியே சொல்ற ஒரு பகுதி) வர்றதுக்குள்ள கண்ணு சொருகிடுது.

அதனால காலையில கிளம்பும்போதே "அம்மா, இன்னைக்கு நான் செய்யுற வேலைய உங்க கையில தர்றேன், உங்க மகன்கிட்ட குடுத்துடுங்க"ன்னு சொல்லிட்டு போக ஆரம்பிச்சேன். இத ஜெபக்குழுவுல ஒரு பெரியம்மாகிட்ட சொன்னேன். அவங்க "வேலை வேற ஜெபம் வேற, ஜெபம் பண்ண சோம்பல்படுறவங்க தான் அப்படி சொல்லிக்குவாங்க"ன்னுட்டாங்க. அவங்க நல்லவங்க தான், குத்தம் சொல்றதுக்காக எழுதல, ஆனா அந்த வார்த்தை மனசுல தைச்சுடுச்சு.

இன்னொண்ணு. சுரூபத்துலயும் படத்துலயும் மாதா எப்பவும் கைகூப்பி, நீல முக்காடு போட்டு, தலையில கிரீடத்தோட நிக்குறாங்க. அந்த அம்மாவும் துணி துவைச்சிருப்பாங்களா? வேலை அலுப்புன்னா என்னன்னு அவங்களுக்கு தெரியுமா? தப்பான கேள்வின்னா மன்னிச்சுக்கோங்க, ஆனா தெரிஞ்சுக்கணும்.

கிணத்தடி:

தப்பான கேள்வியே இல்ல அக்கா. எனக்கு கேட்டா மாதா பக்தியில நாம கேக்க மறந்து போன முக்கியமான கேள்வியே இதுதான்.

நற்செய்திய எடுத்து பாருங்க. ஆண்டவர் பணிய தொடங்கும்போது அவருக்கு கிட்டத்தட்ட முப்பது வயசுன்னு லூக்கா 3:23ல இருக்கு. அதுக்கு முந்தின வருஷங்கள்ல பெரும்பாலும் நாசரேத்துல தான், பன்னிரண்டு வயசுல எருசலேம் கோயில்ல காணாம போய் கிடைச்ச அந்த ஒரு சம்பவத்த விட்டா அந்த நாசரேத்து காலத்த பத்தி ஒண்ணுமே எழுதி வைக்கல. எழுதுற அளவுக்கு வெளியில தெரியுற மாதிரி எதுவும் நடக்கல, அவ்வளவுதான். மாவு அரைச்சிருப்பாங்க, தண்ணி சுமந்திருப்பாங்க, நூல் நூத்திருப்பாங்க, அப்பம் சுட்டிருப்பாங்க, அந்த காலத்து கிராமத்து பெண்கள் எல்லாரும் பண்ணினது தான், வேலைக்காரி வெச்சுக்குற அளவுக்கு வசதியான வீடும் இல்ல. குழந்தைய கோயில்ல காணிக்கை குடுக்க போனப்ப புறாவ தான் குடுத்தாங்கன்னு லூக்கா 2:24 சொல்லுது, ஆட்டுக்குட்டி குடுக்க வசதி இல்லாதவங்களுக்கு லேவியர் 12:8ல சொல்லியிருக்குற காணிக்கை அது. அப்ப துணிய யார் துவைச்சிருப்பாங்க? அவங்களே தான்.

இன்னும் ஒண்ணு கவனிங்க. கபிரியேல் தூதர் வந்துட்டு போன உடனே அவங்க என்ன பண்ணினாங்க? மலைநாட்டுக்கு விரைஞ்சு போனாங்க, வயசான காலத்துல ஆறு மாச கர்ப்பமா இருந்த எலிசபெத்தம்மா வீட்டுக்கு. அங்க மூணு மாசம் இருந்தாங்கன்னு இருக்கு. மூணு மாசம் ஒரு வீட்டுல தங்கினா சும்மா உக்காந்து பாட்டு பாடிக்கிட்டு இருந்திருக்க மாட்டாங்க இல்ல, கூடமாட எல்லா வேலையும் செஞ்சிருப்பாங்க. கடவுளோட மகன வயித்துல சுமந்துகிட்டு செஞ்ச வேலை அது. வேலை வேற ஜெபம் வேறன்னு அங்க எப்படி பிரிக்க முடியும்னு எனக்கு புரியல.

இது என் சொந்த விளக்கம்னு நினைக்காதீங்க. உலகத்து ஆயர்கள் எல்லாம் கூடின இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல பொதுநிலையினரோட, அதாவது சாமியார் கன்னியர் இல்லாத நம்ம மாதிரி விசுவாசிங்களோட பணிய பத்தி ஒரு ஏடு வெளியிட்டுச்சு, அதுல 4ம் எண்ல, மாதா இந்த உலகத்துல எல்லாரையும் போல குடும்ப கவலையும் உழைப்பும் நிறைஞ்ச வாழ்க்கை தான் வாழ்ந்தாங்க, அப்படி வாழ்ந்துகிட்டே எப்பவும் தன் மகனோட நெருக்கமா ஒன்றிச்சு இருந்தாங்கன்னு இருக்கு. அந்த பகுதியில குடும்ப கவலையும் உலக வேலையும் நம்ம ஆன்மிக வாழ்க்கைக்கு வெளிய இருக்கக்கூடாதுன்னு சொல்லிட்டு தான் மாதாவ முன்மாதிரியா காட்டுறாங்க. உங்க பெரியம்மா சொன்னதுக்கு திருச்சபையே எப்பவோ பதில் சொல்லிடுச்சு.

சிறுமலர்தாசி:

துணிமடிப்பு அக்கா, நீங்க லாண்டரின்னு சொன்ன உடனே எனக்கு குழந்தை தெரசம்மா தான் ஞாபகம் வந்தாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

பிரான்ஸ் நாட்டு லிசியே ஊர்ல இருக்குற கார்மேல் கன்னியர் மடத்துல 15 வயசுல சேர்ந்து 1897ல 24 வயசுல காசநோயில இறந்து போனவங்க. மடத்துல அவங்க செஞ்சதெல்லாம் சின்ன சின்ன வேலைங்க, சாப்பாட்டு அறைய பெருக்குறது, பூசைத்துணி எடுத்து வைக்குறது, துணி துவைக்குறது இது மாதிரி. இவங்களத்தான் 1997ல இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் திருச்சபையின் மறைவல்லுநர்னு, அதாவது திருச்சபை முழுக்கவே பாடம் கத்துக்க வேண்டிய புனிதைன்னு அறிவிச்சாரு. அவங்க தன்னோட வாழ்க்கைய பத்தி எழுதி வெச்சதுல ஒரு இடம் வரும். எல்லாரும் சேர்ந்து கைக்குட்டை துவைக்குறாங்க, எதிர்ல நின்ன சிஸ்டர் ஒவ்வொரு தடவ துணிய தூக்கும்போதும் அழுக்கு தண்ணி இவங்க மூஞ்சியில தெறிக்குது. முதல்ல பின்னாடி தள்ளி நின்னு முகத்த துடைச்சு, மெதுவா பண்ணுங்கன்னு அவங்களுக்கு காட்டணும்னு தான் தோணுச்சாம், அப்புறம் இவ்வளவு தாராளமா குடுக்குறத ஏன் வேண்டாங்கணும்னு அப்படியே நின்னு வாங்கிக்கிட்டாங்களாம். அழுக்கு தண்ணிக்கு நடுவுல நின்னுகிட்டு ஒருத்தங்க புனிதை ஆகுறாங்க பாருங்க.

ஜெபமாலை விஷயத்துக்கு வர்றேன், இது உங்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கும். தனியா இருந்து ஜெபமாலை சொல்றது தனக்கு தவக்கருவி (தவத்துக்காக உடம்ப வருத்திக்குற கருவி) போட்டுக்குறத விட கஷ்டமா இருக்குன்னு அவங்களே எழுதியிருக்காங்க. எவ்வளவு முயற்சி பண்ணியும் மறையுண்மைகள்ல மனசு நிக்கலையாம், பராக்கு வந்துகிட்டே இருந்துச்சாம். மாதாவ இவ்வளவு நேசிக்குற எனக்கு ஏன் இப்படின்னு ரொம்ப காலம் வருத்தப்பட்டாங்க. அப்புறம், மாதா எனக்கு அம்மா தானே, என் நல்ல மனச பாத்து அதுலயே திருப்தி ஆயிடுவாங்கன்னு அந்த வருத்தத்த விட்டுட்டாங்க. ரொம்ப வறட்சியா இருக்குற நேரத்துல ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள் நிறைந்த மரியேவும் மட்டும் மெதுவா சொல்லுவாங்களாம், அவசரமா நூறு தடவ சொல்றத விட அது தன் ஆன்மாவுக்கு ஊட்டம் குடுக்குதுன்னு எழுதியிருக்காங்க.

தூக்கத்துக்கும் பதில் இருக்கு. ஜெப நேரத்துல தூங்கிடுறேன்னு அவங்களும் கவலைப்பட்டிருக்கணும், ஆனா படல, பிள்ளைங்க முழிச்சிருந்தாலும் தூங்கினாலும் பெத்தவங்களுக்கு ஒரே பிரியம் தானேன்னு சொல்லிட்டாங்க. ஜெபமாலையோட தூங்கிப்போறதுக்காக நீங்க மனசு கஷ்டப்படவே வேண்டாம்.

சாகுறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி, மாதாவ பத்தின பிரசங்கம் எனக்கு பிடிக்கணும்னா அவங்களோட கற்பனை வாழ்க்கைய இல்ல நிஜ வாழ்க்கைய காட்டணும்னு தன் அக்காங்க கிட்ட சொல்லியிருக்காங்க. மாதாவும் நம்மள மாதிரியே விசுவாசத்துல தான் வாழ்ந்தாங்க, எட்ட முடியாத இடத்துல வெச்சு காட்டாதீங்க, நாம பின்பற்ற முடியுற மாதிரி காட்டுங்கன்னு. நீங்க சுரூபத்த பாத்து கேட்ட அதே கேள்வி தான் அக்கா.

மே_ஒண்ணு:

மேல ரெண்டு பேரும் எழுதினத முழுசா ஒத்துக்குறேன், ஆனா ஒரு விஷயத்த சேர்த்து சொல்லலைன்னா இது பாதியில நின்னுடும்.

நான் முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல ஓவர்டைம் காசு கேட்டா மேலதிகாரி ஒருத்தர் "ஊழியமா நினைச்சு கடவுளுக்கு ஒப்புக்கொடுங்க"ன்னு சொல்லுவாரு. இது எனக்கு ரொம்ப வலிச்ச விஷயம். ஒப்புக்கொடுக்குறது நான் மனசார செய்ய வேண்டியது, எனக்கு வர வேண்டிய கூலிய நிறுத்தி வெச்சுக்கிட்டு இன்னொருத்தர் எனக்கு போதிக்குற விஷயம் இல்ல. அறுவடை செஞ்சவங்களுக்கு குடுக்காம பிடிச்சு வெச்ச கூலி கூக்குரல் போடுது, அந்த கூக்குரல் ஆண்டவர் காதுக்கு போயிடுச்சுன்னு யாக்கோபு 5:4 சொல்லுது. 1981ல இரண்டாம் ஜான் பால் மனித உழைப்ப பத்தி ஒரு சுற்றுமடல் எழுதினாரு, அவரே வாலிப வயசுல கல்குவாரியிலயும் கெமிக்கல் பேக்டரியிலயும் வேலை பாத்தவரு. வேலை தான் மனுஷனுக்காக, மனுஷன் வேலைக்காக இல்லன்னு அதுல தெளிவா சொல்லியிருப்பாரு. 1955ல பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசர் மே 1ஆம் தேதிய தொழிலாளரான சூசையப்பர் திருநாளா வெச்சதும் தொழிலாளிக்கு ஒரு மதிப்பு இருக்குன்னு உலகத்துக்கு சொல்றதுக்குத்தான்.

மாதாவும் எல்லாத்துக்கும் தலையாட்டுற பெண் இல்ல. எலிசபெத்தம்மா வீட்டுல அவங்க பாடின பாட்ட படிங்க, வலியவங்கள அரியணையில இருந்து தூக்கி எறிஞ்சாரு, தாழ்ந்த நிலையில இருக்குறவங்கள உயர்த்தினாரு, பசிச்சவங்கள நிரப்பினாரு, செல்வர்கள வெறுங்கையா அனுப்பினாருன்னு வரும். அத தினமும் மாலை ஜெபத்துல திருச்சபை முழுக்க பாடுறாங்க. அதனால அக்கா, உங்க வேலைய ஒப்புக்கொடுங்க, நிச்சயமா குடுங்க, ஆனா ரத்தம் பட்ட துணிய பிரிக்குறதுக்கு க்ளவுஸ் குடுக்கலைன்னா கேட்டு வாங்குங்க. வீட்டுலயும் மாமியார பாக்குறது உங்க ஒருத்தங்க புண்ணியம் மட்டும் இல்ல, அவங்க மகனுக்கும் அதுல பங்கு இருக்கு, அவர் கைக்கும் கொஞ்சம் வேலை வரட்டும். சூசையப்பர் ஒண்ணும் வேடிக்கை பாத்துகிட்டு இருக்கல.

ஒளிதேடி:

நான் கத்தோலிக்கர் இல்ல, புரோட்டஸ்டன்ட் சபைய சேர்ந்தவன், மரியாதையோட தான் கேக்குறேன். எந்த வேலைய செஞ்சாலும் மனுஷருக்குன்னு இல்லாம ஆண்டவருக்குன்னு மனசார செய்யுங்கன்னு கொலோசெயர் 3:23ல பவுல் எழுதியிருக்காரே, நேரா ஆண்டவருக்கே குடுக்கலாமே, நடுவுல மாதா கை எதுக்கு?

கிணத்தடி:

நல்ல கேள்வி பிரதர். நேரா குடுக்கலாம், குடுக்கவும் செய்றோம், ஆராதனை கடவுளுக்கு மட்டும் தான், மாதாவுக்கு வணக்கம். கானா ஊர் கல்யாணத்துல திராட்சை ரசம் தீர்ந்து போனத கவனிச்சது யாருன்னு பாருங்க. பந்தியில குறை வர்றத ஒரு அம்மா கண்ணு தான் முதல்ல பிடிச்சுது, மகன்கிட்ட சொன்னாங்க, வேலைக்காரங்ககிட்ட அவர் சொல்றத செய்யுங்கன்னாங்க, அதோட ஒதுங்கிட்டாங்க. அந்த வேலைக்காரங்க தான் ஆறு கல்தொட்டியிலயும் விளிம்பு வரைக்கும் தண்ணிய ஊத்துனாங்க, ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு குடம் பிடிக்குற தொட்டி. அந்த ரசம் எங்க இருந்து வந்துச்சுன்னு பந்தி மேற்பார்வையாளருக்கே தெரியல, தண்ணி மொண்டு வந்த வேலைக்காரங்களுக்கு தான் தெரிஞ்சிருந்துச்சுன்னு யோவான் தனியா எழுதி வெச்சிருக்காரு. மாதா கை எதுக்குன்னா இதுக்குத்தான், நம்மள அவர்கிட்ட திருப்பி விடுறதுக்கு. இங்க இதுக்கு மேல விவாதமா போக வேண்டாம், தனியா இழை தொடங்கினா நானும் வர்றேன்.

துணிமடிப்பு:

படிச்சுட்டு அழுதுட்டேன், எல்லாருக்கும் நன்றி. தெரசம்மா மூஞ்சியில தண்ணி தெறிச்ச விஷயத்த நாளைக்கு என்கூட மடிக்குற அக்காகிட்ட சொல்லப்போறேன். க்ளவுஸ் குடுக்குறாங்க மே_ஒண்ணு தம்பி, அதுல பிரச்சனை இல்ல, வீட்டுக்காரர்கிட்ட இந்த பதில படிச்சு காட்டுறேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். காலையில ஒப்புக்கொடுத்துட்டு போறேன் சரி, ஆனா நடுவுல எரிச்சல் வந்துடுது, மாமியார் ஒரே விஷயத்த திரும்ப திரும்ப கேக்கும்போது உள்ளுக்குள்ள கோவத்தோட தான் பதில் சொல்றேன், அப்ப காலையில குடுத்தது கெட்டுப்போயிடுமா? அப்புறம் நாள் முழுக்க ஞாபகம் வெச்சுக்க ஏதாவது சுலபமான வழி இருந்தா சொல்லுங்க, கை ரெண்டும் துணியில இருக்கும்போது மணிய உருட்ட முடியாது.

கேட்வாசல்:

அக்கா நான் செக்யூரிட்டி வேலை பாக்குறவன், படிப்பு கம்மி, ஆனா இந்த ரெண்டாவது கேள்விக்கு எனக்கு பதில் தெரியும், ஏன்னா நான் தினமும் செய்றது இது.

எங்க வேலைக்குன்னே ஒரு புனிதர் இருக்காரு, அல்போன்ஸ் ரொட்ரீகஸ். ஸ்பெயின் நாட்டுக்காரர், கம்பளி வியாபாரம் பண்ணினவரு, பொண்டாட்டி பிள்ளைங்க எல்லாரும் இறந்து போயி வியாபாரமும் நொடிஞ்சு கிட்டத்தட்ட 40 வயசுல இயேசு சபையில சாதாரண சகோதரரா சேர்ந்தாரு. மயோர்க்கா தீவுல ஒரு கல்லூரி வாசல்ல கதவு திறந்து விடுற வேலை குடுத்தாங்க, பல வருஷம் அதே வாசல் தான், 1617ல இறந்தாரு. மணி அடிச்சா "இதோ வர்றேன் ஆண்டவரே"ன்னு சொல்லிகிட்டே கதவ திறக்க போவாராம், வந்து நிக்குறது யாரா இருந்தாலும் ஆண்டவரே நிக்குற மாதிரி. மாதா மேல அப்படி ஒரு பக்தி அவருக்கு. அந்த வாசல்ல இருந்தவர்கிட்ட பேசி தான் பீட்டர் கிளேவர்னு ஒரு மாணவர் அடிமைகளுக்கு ஊழியம் செய்ய கடல் கடந்து போனாரு, ரெண்டு பேருக்கும் 1888ல ஒரே நாள்ல புனிதர் பட்டம். நான் கேட் திறக்கும்போது அவர் சொன்னத தான் மனசுக்குள்ள சொல்லுவேன். சில பேர் ஹாரன் அடிச்சு திட்டுவாங்க, அப்பவும் சொல்லுவேன். நீங்க மாமியார் கூப்பிடும்போது சொல்லி பாருங்க, கோவம் உடனே போகாது, ஆனா கோவத்தோடயே எழுந்து போறீங்க இல்ல, அதுவும் கணக்குல உண்டு. கெட்டுப்போறதெல்லாம் ஒண்ணும் இல்ல, திரும்ப குடுக்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை தடவ வேணும்னாலும்.

கைக்கு மணி வேண்டாம். ஒரு பெட்ஷீட் மடிச்சு அடுக்குனா ஒரு அருள் நிறைந்த மரியே, பத்து அடுக்குனா ஒரு பத்து மணி. அத யாருக்காகன்னு வெச்சுக்கோங்க, அந்த பெட்ஷீட்ல இன்னைக்கு ராத்திரி படுக்கப்போற நோயாளிக்காக. ஆனா ஜெபத்துல மனசு போயி மடிப்பு கோணலா போயிடக்கூடாது, ரத்தக்கறை துணி கலந்துடக்கூடாது. பழுதான ஆட்ட பலி குடுக்கக்கூடாதுன்னு மோசே சட்டத்துலயே இருக்கு, அரைகுறையா செஞ்ச வேலைய மாதா கையில எப்படி குடுக்குறது. கவனமா பண்ண வேண்டிய வேலை வந்தா ஜெபத்த நிறுத்திட்டு வேலைய பாருங்க, முடிச்சுட்டு தொடருங்க.

ஒரே ஒரு விஷயத்துல பெரியம்மா சொன்னதுலயும் நியாயம் இருக்கு. வேலை மட்டும் போதும்னு விட்டா கொஞ்ச நாள்ல வெறும் வேலை தான் மிஞ்சும், எனக்கு தெரிஞ்சவங்களுக்கு அப்படி ஆகி பாத்திருக்கேன். அதனால சின்னதா ஒரு நேரம் ஆண்டவருக்குன்னே வெச்சுக்கோங்க. ஜெபமாலை ஞாயிறு பூசை மாதிரி கடமை இல்ல, ஆறாம் பவுல் பாப்பரசர் 1974ல மாதா பக்திய பத்தி எழுதினப்ப ஜெபமாலை மிக உயர்ந்த ஜெபம் ஆனாலும் விசுவாசிங்க அதுல மன அமைதியோட சுதந்திரமா இருக்கணும்னு சொல்லியிருக்காரு, இது எங்க பங்குசாமி சொல்லி குடுத்தது. ஒரு பத்து மணி உக்காந்து நிதானமா சொல்லுங்க, போதும்.

நான் விடாம செய்றது மூவேளை ஜெபம். காலையில, மதியம் பன்னிரண்டுக்கு, சாயங்காலம். "ஆண்டவருடைய தூதர் மரியாளுக்கு தூதுரைத்தார்"னு தொடங்கும், மூணு அருள் நிறைந்த மரியே, ஒரு மன்றாட்டு, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும். அதுல "இதோ ஆண்டவருடைய அடிமை"ன்னு வர்ற இடத்துல அன்னைக்கு பாக்கி இருக்குற வேலைய நினைச்சுக்குவேன். போன்ல பன்னிரண்டுக்கு அலாரம் வெச்சுக்கலாம், மெஷின் சத்தத்துல கேக்காதுன்னா வைப்ரேஷன்ல போடுங்க.

துணிமடிப்பு:

பெட்ஷீட் கணக்கு ரொம்ப பிடிச்சிருக்கு அண்ணே, நாளைக்கே தொடங்குறேன். மூவேளை ஜெபம் சின்ன வயசுல சொன்னது, பாதி மறந்து போச்சு, ஜெபப்புத்தகத்த எடுத்து பாக்கணும். அது வருஷம் முழுக்க ஒரே ஜெபம் தானா?

கேட்வாசல்:

இல்லக்கா, உயிர்ப்பு ஞாயிறுல இருந்து பெந்தகோஸ்து வரைக்கும் அதுக்கு பதிலா "விண்ணக அரசியே மனங்களிகூரும், அல்லேலூயா" சொல்லணும், அத நின்னுகிட்டு சொல்றது வழக்கம். உங்க வேலையில எப்படியும் நின்னுகிட்டு தானே இருப்பீங்க. மத்த நாளெல்லாம் சாதாரண மூவேளை ஜெபம் தான், ஜெபப்புத்தகத்துல ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருக்கும்.